மிலானிலிருந்து ரோம் வரை காரில்: வார இறுதிக்கு எந்த ஊரில் தங்குவது?

மிலானில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ரோம் வரை ஓட்டிப் போய் அங்கிருந்து விமானம் ஏறுவது, இத்தாலியை முதல் முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏற்ற திட்டம். வழி எளிது. மிலானை நேப்பிள்ஸோடு இணைக்கும் ஏ1 நெடுஞ்சாலை 1964இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இத்தாலியர்கள் அதைச் சூரியச் சாலை என்கிறார்கள். அதில் ஏறினால் ரோம் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் ஆறு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் போய்விடலாம்தான். ஆனால் அப்படிப் போகிறவர் இத்தாலியின் நல்ல பாதியைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்.

வெள்ளி இரவையும் சனி இரவையும் வழியில் ஓர் ஊரில் கழித்துவிட்டு ஞாயிறன்று ரோமுக்குப் போவது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பலரும் ஊரின் புகழைப் பார்க்கிறார்கள். இரண்டு நாளும் காரைத் தொடவே வேண்டாத ஊர் எது என்று பாருங்கள் என்பது என் யோசனை. காரை எங்கே விடுவது, எந்தத் தெருவில் நுழையக் கூடாது, எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும் என்ற கவலை இல்லாத இடத்தில்தான் ஓட்டியவருக்கும் விடுமுறை கிடைக்கும்.

முதல் படி: பயணத்தைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள்

வரைபடத்தை விரித்ததும் நடுவில் எது இருக்கிறது என்றுதான் கண் தேடும். நடுவில் இருப்பது ப்ளோரன்ஸ். மிலானிலிருந்து 300 கிலோமீட்டர். அங்கே தங்கினால் ரோமுக்கு இன்னும் 270 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அதை ஞாயிறு பிற்பகலில்தான் ஓட்டியாக வேண்டும். கடலுக்கும் மலைக்கும் போன ரோம் நகரத்தார் வீடு திரும்புகிற நேரம் அது. கோடைக்காலத்தில் ரோமைச் சுற்றியுள்ள வட்டச்சாலையில் அந்த மாலை நேரத்து நெரிசல் புதியவருக்கு ஏற்றதல்ல.

அதனால் நீண்ட பகுதியை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிறுக்குக் குறுகிய பகுதியை வையுங்கள். மிலானின் காலை நெரிசல் அடங்கிய பிறகு ஒன்பதரை மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு மொடேனா வந்துவிடும். அங்கே நோவி பார்க் என்ற பெரிய நிலத்தடி நிறுத்துமிடம் இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டு, 1931இலிருந்து நடக்கும் அல்பினெல்லி சந்தைக்கு நடந்து போகலாம். காய்கறி, பாலாடைக்கட்டி, பழம் என்று கூரைக்குக் கீழே எல்லாம் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினால், வெள்ளி மாலைக் கூட்டம் சாலையில் நிறையும் வேளையில் நீங்கள் தங்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் அல்லது நெருங்கியிருப்பீர்கள்.

இந்தியாவிலிருந்து நேராக வந்து இறங்குகிற நாளில் இதைச் செய்யாதீர்கள். ஓர் இரவு மிலானில் தூங்கி எழுந்து, மறுநாள் காலை காரை எடுங்கள். இரவு விமானத்தில் வந்த களைப்போடு, வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், 130 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாலையில் ஏறுவது ஆபத்து.

இரண்டாம் படி: பெரிய நகரங்களைத் தங்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

ப்ளோரன்ஸும் பொலோன்யாவும் அற்புதமான நகரங்கள். பொலோன்யாவின் தூண் தாழ்வாரங்கள் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன; மழையில் நனையாமல் ஊரைச் சுற்றிவிடலாம். இவற்றை ரயிலில் வந்து பாருங்கள், நாலைந்து நாள் தங்கிப் பாருங்கள். காரோடு வார இறுதிக்கு வராதீர்கள். அதற்குக் காரணம் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். இத்தாலியில் எல்லோரும் அதை இசட்.டி.எல். என்றே சொல்கிறார்கள்.

இத்தாலியில் கார் ஓட்டப்போகிறவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பழைய நகர மையங்களில் பதிவு பெற்ற வாகனங்கள் மட்டுமே நுழையலாம். நுழைவாயிலில் தடுப்புக் கம்பியோ காவலரோ இருக்க வேண்டும் என்பதில்லை. சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று, அதன் கீழே நேர அட்டவணை, மேலே ஒரு கேமரா, பெரும்பாலும் அவ்வளவுதான். பல இடங்களில் மின்பலகையும் உண்டு. அதில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று வந்தால் கட்டுப்பாடு இப்போது நடப்பில் இருக்கிறது, நுழையக் கூடாது. ‘நோன் அத்தீவோ’ என்று வந்தால் போகலாம். முதன்முறை பார்க்கிறவர் ‘அத்தீவோ’ என்பதைத் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பொருள் நேர் எதிர்.

நுழைந்தால் அந்த நேரத்தில் ஒன்றும் நடக்காது. கேமரா எண்பலகையைப் படம் எடுத்துவிடும். அப்போது காரை வாடகைக்கு எடுத்திருந்தவர் யார் என்று வாடகை நிறுவனத்தைக் கேட்பார்கள். நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென ஒரு கட்டணத்தை உங்கள் கடன் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப 360 நாள் அவகாசம் இருக்கிறது. ஒரே வளாகத்தில் மூன்று கேமராக்களைக் கடந்தால் மூன்று அபராதம் வரலாம். செல்பேசி வழிகாட்டியை நம்ப வேண்டாம். அது குறுக்கு வழி என்று உங்களை இந்த மண்டலத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடக்கூடும்.

ப்ளோரன்ஸைப் பார்க்காமல் தாண்ட மனம் வரவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஏ1 சாலையிலேயே, ஸ்காண்டிச்சி அருகே, வில்லா கோஸ்டான்சா என்ற நிறுத்துமிடம் உண்டு. நெடுஞ்சாலையை விட்டு வெளியேறாமலே நேராக அதற்குள் போகலாம், சுங்கச் சீட்டு அப்படியே கையில் இருக்கும். அங்கிருந்து டி1 டிராம் ஏறினால் அரை மணிக்குள் சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையம், நகரின் நடுப்பகுதி. மாலையில் திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு அப்படியே தெற்கே போகலாம். வெள்ளிக்கிழமை மொடேனாவுக்குப் பதில் இப்படி நாலு மணி நேரம் ப்ளோரன்ஸுக்குக் கொடுக்கலாம். பெட்டிகளை வெளியில் தெரியும்படி காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: ஊரைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

நெடுஞ்சாலை வெளிவழியிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்? கால் மணியில் போய்ச் சேர வேண்டும். சியெனா அழகான ஊர், ஆனால் அது ஏ1 மீது இல்லை. ப்ளோரன்ஸிலிருந்து தனிச் சாலையில் பிரிந்து போக வேண்டும். தங்கும் இடத்துக்காகப் பயணத்தின் திசையையே மாற்றினால் களைப்புதான் மிஞ்சும்.

கோட்டைச் சுவருக்கு வெளியே இரவு முழுதும் காரை விட இடம் இருக்கிறதா, அங்கிருந்து மேலே ஏற வசதி இருக்கிறதா? நடு இத்தாலியின் பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் மேல் இருக்கின்றன. ஆகவே பல நகராட்சிகள் கீழே பெரிய நிறுத்துமிடம் கட்டி, அங்கிருந்து நகரும் படிக்கட்டோ லிஃப்டோ அமைத்திருக்கின்றன. அரெட்சோ, கோர்டோனா, ஓர்வியெட்டோ, பெருஜா நான்கிலும் இந்த ஏற்பாடு உண்டு. பெருஜாவில் நகரும் படிக்கட்டுகள், போப் மூன்றாம் பால் 1540களில் எழுப்பிய கோட்டையின் உள்ளாகவே ஏறிப் போகின்றன. கோட்டைக்கு அடியில் புதைந்துபோன வீடுகளும் தெருக்களும் இருபுறமும் தெரியும். ஆனால் பெருஜாவுக்கு ஏ1இலிருந்து அறுபது கிலோமீட்டர் போல விலக வேண்டியிருப்பதால் இந்தப் பயணத்துக்கு நான் அதைச் சேர்ப்பதில்லை.

அந்த வாரம் ஊரில் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரெட்சோவில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் பழம்பொருள் சந்தை கூடுகிறது, 1968இல் தொடங்கியது. சந்தை பிடிக்கும் என்றால் அந்த வாரத்துக்கே திட்டமிட்டு, அறையை வெகு முன்னதாகப் பிடியுங்கள். பிடிக்காது என்றால் வேறு வாரம் போங்கள். சியெனாவின் குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16. ஆண்டு முடிவில் ஓர்வியெட்டோவில் ஜாஸ் இசை விழா நடக்கும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகியவை அரசு விடுமுறைகள். அவை வியாழனிலோ செவ்வாயிலோ வந்தால் மக்கள் இடையில் உள்ள நாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் நாடே சாலையில் இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஓர் ஊருக்குப் பகல் பயணிகள் போன பிறகு உயிர் இருக்கிறதா? சில மலையூர்கள் மாலை ஆறுக்குப் பிறகு வெறிச்சோடிவிடும். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, கடைத்தெரு எல்லாம் உள்ள, மக்கள் வாழ்கிற ஊரைத் தேடுங்கள். மாலையில் கடைத்தெருவில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை சும்மா நடந்துகொண்டிருப்பார்கள். அந்த நடை அவர்களுக்கு அன்றாட வழக்கம். நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

நான்காம் படி: அரெட்சோவா, கோர்டோனாவா, ஓர்வியெட்டோவா?

அரெட்சோ மிலானிலிருந்து 370 கிலோமீட்டர் போல. வெளிவழியிலிருந்து பத்து நிமிடம். பியெத்ரி என்ற நிறுத்துமிடத்திலிருந்து நகரும் படிக்கட்டு பேராலயத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். நகரின் பெரிய சதுக்கம் சரிவாகவே இருக்கிறது. சந்தை நாளில் மேசைகளின் கால்களுக்கடியில் மரத்துண்டு வைத்துச் சமன்படுத்துவதைப் பார்க்கலாம். புனித பிரான்சிஸ் கோவிலில் பியெரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றுக்காக மட்டுமே இந்த ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. வேலைக்குப் போகிற மக்கள் நிறைந்த, சுற்றுலாவை மட்டும் நம்பி வாழாத ஊர். நல்ல தேர்வு.

கோர்டோனா சிறியது, செங்குத்தானது. பள்ளத்தாக்கின் காட்சிக்கு இணையில்லை. முழங்கால் வலி உள்ளவர்களோடு போகாதீர்கள். முதன்மைத் தெரு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஏற்றம்தான். மொன்டேபுல்சியானோ என்ற மலையூரும் அப்படியே.

என்னைக் கேட்டால் ஓர்வியெட்டோதான். ரோமுக்கு 120 கிலோமீட்டர்தான் மிச்சம். ஏ1இன் வெளிவழியில் இறங்கினால் எதிரே எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறை செங்குத்தாக நிற்கும். அதன் உச்சியில் தட்டையாக முழு ஊரும் உட்கார்ந்திருக்கும். கீழே ரயில் நிலையத்தின் பின்னால் பெரிய வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. நிலையத்துக்கு எதிரிலிருந்து கேபிள் ரயில் சில நிமிடங்களில் மேலே கஹேன் சதுக்கத்துக்கு ஏற்றிவிடும். 1888இல் இது தண்ணீரின் எடையால் ஓடியது, இப்போது மின்சாரம். பெட்டிகள் அதிகம் இருந்தால் ஊரின் மறுபக்கத்தில் உள்ள காம்போ டெல்லா ஃபியெரா நிறுத்துமிடத்துக்குப் போங்கள். அங்கே லிஃப்டும் நகரும் படிக்கட்டும் பழைய ஊருக்குள் கொண்டுபோய் விடும். மேலே ஏறிய பிறகு ஊர் சமதளம். முதியவர்களோடு வருகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

ஐந்தாம் படி: அறையும் காரும் முன்பதிவு

அறை தேடும்போது நிறுத்துமிடம் இலவசமா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் விடுதி இருக்கிறதா, இருந்தால் பெட்டிகளை இறக்க உள்ளே வரலாமா, வண்டி எண்ணை நகராட்சியில் அவர்களே பதிவு செய்து தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள். வாடகைக் காரின் எண் முன்கூட்டியே தெரியாது. ஆகவே மிலானில் காரை எடுத்தவுடன் எண்பலகையைப் படம் எடுத்து விடுதிக்கு அனுப்புங்கள். பதிவு ஆகிவிட்டது என்று பதில் வந்த பிறகே உள்ளே ஓட்டுங்கள். பதில் வராவிட்டால் கீழேயே நிறுத்திவிட்டு லிஃப்டில் போங்கள்.

வார இறுதியில் பல விடுதிகள், முக்கியமாகப் பண்ணை வீடுகள், குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்கின்றன. நம் திட்டத்துக்கு அது இடைஞ்சல் இல்லை. பண்ணை வீடுகள் அழகானவை. ஆனால் இரவு உணவுக்கும் காலைக் காப்பிக்கும் காரை எடுக்க வேண்டியிருக்கும். ஓட்டுபவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதால் நான் ஊருக்குள்ளேயே அறை எடுக்கச் சொல்வேன். விடுதியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம். பல ஊர்களில் தலைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று தங்கும் வரியும் உண்டு. அது பெரும்பாலும் அறை வாடகையில் சேராமல் தனியாக வரும்.

கார் எடுக்க இந்திய உரிமம் வைத்திருப்பவருக்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்க வேண்டும், ஓராண்டு செல்லும். மூல உரிமத்தையும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய உரிமம் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. கனடாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தேவை. ஓட்டுபவரின் பெயரிலேயே கடன் அட்டை இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்பது வழக்கம். தானியங்கி கியர் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள், அங்கே கையால் கியர் போடும் கார்களே ஏராளம். 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், காரில் குழந்தையை விட்டுவிட்டு இறங்கினால் எச்சரிக்கும் கருவியும் வேண்டும். இரண்டையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மலைப்பகுதிச் சாலைகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ இருக்க வேண்டும். பொலோன்யாவுக்கும் ப்ளோரன்ஸுக்கும் இடையே நீங்கள் தாண்டப்போவது அப்பெனைன் மலைத்தொடர்.

ஆறாம் படி: சாலையில்

சுங்கச்சாவடியில் நுழையும்போது பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். தொலைத்துவிட்டால் அந்தச் சாலையின் மிகத் தொலைவான முனையிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டுப் பணம் கேட்கலாம். வெளியேறும் இடத்தில் பலகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் அட்டைக்கு. கையும் நாணயமும் வரைந்த வெள்ளை ரொக்கத்துக்கு. மஞ்சள் மட்டும் போட்ட தடம், சுங்கத்தைத் தானாகச் செலுத்தும் டெலிபாஸ் கருவி பொருத்திய வண்டிகளுக்கு. அதில் தவறிப் போய் நின்றுவிட்டால் எக்காரணம் கொண்டும் பின்னால் எடுக்காதீர்கள். பின்னால் எடுப்பது ஆபத்து, கடுமையான குற்றமும்கூட. உதவிப் பொத்தானை அழுத்தினால் கட்டணம் செலுத்தப்படவில்லை என்று ஒரு சீட்டு அச்சாகி வரும், கம்பி திறக்கும். பதினைந்து நாளுக்குள் இணையத்தில் செலுத்திவிடலாம்.

வேக வரம்பு நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துத் தப்பிக்க முடியாது. டூட்டர் என்ற முறை இரண்டு இடங்களுக்கு நடுவே உங்கள் சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறது. இடது தடம் முந்துவதற்கு மட்டுமே. முந்தியவுடன் வலது பக்கம் வந்துவிடுங்கள். ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். பொலோன்யாவைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். ‘பனோராமிக்கா’ என்பது வளைந்து நெளியும் பழைய வழி, ‘திரெத்திசிமா’ என்பது 2015 டிசம்பரில் திறந்த, சுரங்கங்கள் வழியே நேராகப் போகும் புதிய வழி. இரண்டும் பின்னால் சேர்ந்துகொள்கின்றன. முதன்முறை ஓட்டுகிறவர் புதிய வழியிலேயே போகலாம்.

எரிபொருளில் ஓர் எச்சரிக்கை. ‘காசோலியோ’ என்றால் டீசல். ‘பென்சீனா’தான் பெட்ரோல். பெயரின் ஒலியை வைத்து முடிவு செய்யாமல் தொட்டி மூடியின் உட்புறம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நிரப்புங்கள். ‘செல்ஃப்’ என்ற பம்பில் நாமே நிரப்ப வேண்டும், விலை குறைவு. ‘செர்வீத்தோ’ என்ற பம்பில் ஆள் வந்து நிரப்புவார், விலை அதிகம். ஞாயிறன்று ஊர்ப்புறப் பம்புகளில் ஆள் இருப்பது அரிது; இயந்திரத்தில் முன்பணம் போட்டு நிரப்ப வேண்டும், அது சில்லறை தராது. ஆகவே வெள்ளிக்கிழமையே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

ஊருக்கு வந்ததும் தரையில் உள்ள கோடுகளைப் பாருங்கள். நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் பிறருக்கென ஒதுக்கியது. வெள்ளைக் கோடு என்றாலும் பக்கத்துப் பலகையை ஒருமுறை படித்துவிடுங்கள். சனிக்கிழமை காலைச் சந்தைக்காக அந்த இடம் வேண்டியிருக்கலாம். சந்தை நாளில் அங்கே நிற்கும் கார்களை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பலகையில் கார் இழுக்கப்படும் படமும் நேரமும் இருக்கும்.

ஏழாம் படி: சனிக்கிழமை

ஓர்வியெட்டோவில் சனிக்கிழமை காலை மக்கள் சதுக்கத்தில் சந்தை கூடும். காய்கறி, தேன், ஆட்டுப்பால் கட்டி, துணிமணி. அங்கே பழம் வாங்கிக்கொண்டு பேராலயத்துக்கு நடந்து போங்கள். 1290இல் கட்டத் தொடங்கிய ஆலயம் அது. பக்கச் சுவர்கள் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக எழும்பும்; முகப்பு தங்க நிற மொசைக்கில் மின்னும். உள்ளே வலப்பக்கச் சிற்றாலயத்தில் லூக்கா சின்யொரெல்லி 1499 முதல் 1504 வரை வரைந்த உலக முடிவுக் காட்சிகள் இருக்கின்றன. இறந்தவர்கள் எழும் காட்சியில் நீண்ட நேரம் நின்று பாருங்கள். வெளிறிய தரையைப் பிளந்துகொண்டு உடல்கள் வெளியேறுகின்றன. ஒருவர் இரு கைகளையும் ஊன்றி இடுப்புவரை வந்துவிட்டார். இன்னொருவர் இன்னும் எலும்புக்கூடாகவே நிற்கிறார். ஏற்கெனவே எழுந்தவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொள்கிறார்கள். அத்தனை தசை நார்களையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரைந்ததுபோல இருக்கும்.

மதியம் கடைகளும் சிறு ஆலயங்களும் மூடியிருக்கும். அந்நேரத்தில் கிணற்றுக்குப் போங்கள். 1527இல் படைகள் ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் ஓர்வியெட்டோவுக்குத் தப்பி வந்தார். முற்றுகை வந்தால் பாறை உச்சியில் தண்ணீருக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டு, அந்தோனியோ தா சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஒரு கிணற்றை வெட்டச் செய்தார். ஐம்பது மீட்டருக்கும் மேல் ஆழம். கிணற்றுச் சுவரைச் சுற்றி இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் எடுக்கக் கழுதைகள் ஒரு படிக்கட்டில் இறங்கி மற்றதில் ஏறும். இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. இறங்கும்போது நடுக்கூட்டை நோக்கிய ஜன்னல்கள் வழியே எதிர்ப்பக்கம் மேலே ஏறுகிறவர்கள் தெரிவார்கள், ஆனால் அவர்களை எட்ட முடியாது. கீழே போகப்போகக் குளிரும், ஆகஸ்டிலும் மேலாடை வேண்டியிருக்கும். அடியில் தண்ணீருக்கு மேலே ஒரு சிறு பாலம். அதைக் கடந்தால் ஏறும் படிக்கட்டு தொடங்குகிறது. இதய நோய் உள்ளவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் மேலேயே இருந்துவிடுவது நல்லது, திரும்ப ஏற லிஃப்ட் இல்லை.

சாப்பாட்டுக்கு மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை, இரவு ஏழரைக்கு மேல். இடையில் போனால் பல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். சனி இரவுக்கு மேசையை முன்பே சொல்லி வையுங்கள். உள்ளூர்க் குடும்பங்களும் அன்றுதான் வெளியே சாப்பிடுகின்றன. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி சிரமம் தராது. ஓர்வியெட்டோ இருக்கும் உம்பிரியா மாநிலத்தில் உம்பிரிகெல்லி என்ற கையால் உருட்டிய தடித்த பாஸ்தாவைத் தக்காளிச் சாற்றிலோ காளானிலோ கேளுங்கள். அரெட்சோவும் கோர்டோனாவும் இருக்கும் டஸ்கனியில் பீச்சி என்ற அதேபோன்ற தடித்த பாஸ்தாவும், ரொட்டியும் கீரையும் பயறும் சேர்த்த ரிபொல்லீத்தா என்ற சூப்பும் உண்டு. சூப்பிலும் பயற்றுக் குழம்பிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம், ‘சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில், பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்கிறது. கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரொட்டியில் உப்பு இருக்காது. அது அங்குள்ள வழக்கம், சமையலில் குறை இல்லை. ரசீதில் தலைக்கு ஒன்றிரண்டு யூரோ ‘கோப்பெர்த்தோ’ என்று வந்தால் அது மேசைக் கட்டணம்.

எட்டாம் படி: ஞாயிறு கிளம்புதல்

ஞாயிறு காலை பூசை நேரத்தில் ஆலயங்களைச் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். ஆகவே ஆலயத்தைச் சனிக்கிழமையே முடித்துவிட்டு, ஞாயிறு காலையைப் பாறை விளிம்பில் நடக்க வைத்துக்கொள்ளுங்கள். தெம்பு இருந்தால் இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிதா தி பான்யொரேஜ்ஜோவுக்குப் போகலாம். களிமண் சரிவு ஆண்டாண்டாகச் சரிந்து கொண்டிருக்கும் குன்றின் மேல், நடைபாலத்தால் மட்டும் எட்டக்கூடிய சிற்றூர். நுழைவுக் கட்டணம் உண்டு. பகல் பத்து மணிக்கு முன்னால் போனால் பாலம் உங்களுடையது. பதினொன்றுக்குப் பிறகு கூட்டம்.

ரோமை நோக்கி ஒன்றரை மணி வாக்கில் கிளம்புங்கள். ஞாயிறு மதிய உணவு அங்கே குடும்பச் சடங்கு. அந்த இரண்டு மணி நேரம் சாலை ஓரளவு காலியாக இருக்கும். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஞாயிறு பகலில் ஓடத் தடை இருப்பதும் உதவும். மாலைக் கூட்டம் திரும்பத் தொடங்கும் முன் நீங்கள் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

ரோமுக்குள் காரை ஓட்டிப் போகாதீர்கள். வட்டச்சாலையிலிருந்து நேராக ஃபியூமிச்சீனோ விமான நிலையத்துக்குப் போய் அங்கே காரை ஒப்படையுங்கள். நகருக்குள் இருக்கும் வாடகை அலுவலகங்கள் பல ஞாயிறு பிற்பகலில் மூடியிருக்கும். ஒப்படைக்கும் முன் காரின் நான்கு பக்கத்தையும் எரிபொருள் முள்ளையும் படம் எடுத்து வையுங்கள். விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் ரோம் நகரின் முதன்மை ரயில் நிலையமான தெர்மினியில் இறக்கிவிடும். டிக்கெட்டை இயந்திரத்திலோ செல்பேசியிலோ வாங்கலாம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை வாயிலில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள்.